வாட்டிய தழை

விடிந்ததும் நெங்ஸிக்கு முதல் வேலை தகரம் வழிப்பது. கூண்டுகளின் அடியில் சாய்வாகப் போட்டிருக்கும் தகரத்தில் முயல்களின் மூத்திரம் ஓடிவந்து நீல டிரம்மில் சேரும். புழுக்கை விளிம்பில் தட்டி நிற்கும். தேய்ந்த துடைப்பத்தால் அதைச் சாக்குக்குள் தள்ளுவாள். இரண்டையும் காய்கறித் தோட்டக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். பாண்டுங் நகரத்துக்கு மேலே இருக்கும் லெம்பாங் மலைச்சரிவில் முயலின் வாய்க்குள் போவதற்கு எவ்வளவு மதிப்போ, வெளியே வருவதற்கும் அவ்வளவு மதிப்பு.

புழுக்கை வழிக்கிறவளுக்கு இன்னொரு வேலையும் தானாகச் சேர்ந்துவிடும். முயல் கத்தாது. வலித்தாலும் காட்டிக்கொள்ளாது, காட்டினால் பருந்துக்குத் தெரிந்துவிடும் என்ற பயம், கூண்டிலேயே பிறந்து வளர்ந்ததற்கும் உண்டு. அதனால் அதன் உடம்பைப் பற்றிப் புழுக்கையிடம்தான் விசாரிக்க வேண்டும். உருண்டையாக, காய்ந்த புல்லின் நிறத்தில், நிறையக் கிடந்தால் நல்லது. சிறுத்துக் கறுத்தால் தீனி குறைந்திருக்கிறது. அன்று மோச்சியின் தகரத்தில் வழிப்பதற்கே ஒன்றுமில்லை.

மோச்சி பண்ணை முயல் அல்ல. பாண்டுங் நகரத்து வேரா அம்மாள் வளர்க்கும் செல்லம். காது தொங்கும் ஜாதி, இன்னும் ஒரு வயது ஆகவில்லை. அந்த அம்மாள் வெளிநாட்டிலிருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்ததால் சில வாரங்களாக இங்கே தங்கியிருந்தது. ஹாஜி ருஸ்மானின் பண்ணையில் விற்பனைக்கு வளர்பவை கீழ்க்கொட்டகையில், இப்படித் தங்க வரும் செல்லங்கள் மேல்கொட்டகையில்.

நெங்ஸி கூண்டைத் திறந்தாள். மோச்சி முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது. அதன் முகத்தருகே காதைக் கொண்டுபோனாள். மணலை மெல்வதுபோலப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

"ஓமான் அண்ணே, ஹாஜியக் கூப்பிடு. மோச்சிக்கு என்னவோ ஆகிடுச்சு."

சாக்கைத் தோளில் ஏற்றிய பண்ணை வண்டிக்காரன் ஓமான் நின்று எட்டிப் பார்த்தான். "அது எப்பவும் அப்பிடித்தானே உக்காந்திருக்கும். பணக்கார வீட்டு முயலு. யோசனை நிறைய இருக்கும்."

"விளையாடாதண்ணே. பல்லக் கடிக்குது."

ஓமான் சாக்கை இறக்கி வைத்தான்.

ஹாஜி வந்தபோது கையில் தேநீர்க் கோப்பை இருந்தது. மோச்சியைப் பார்த்ததும் கோப்பையைப் பக்கத்துக் கூண்டின் மேல் வைத்தார். அந்த வாரம் கீழ்க்கொட்டகையில் வயிறு உப்பிக் குட்டிகள் செத்திருந்தன. அன்று காலையும் ஒன்று செத்து, வாளியில் கிடந்தது. குட்டி போனால் போகட்டும் என்று விடலாம். மோச்சியை விட முடியாது. வேரா அம்மாள் ஃபோனில் எது போட்டாலும் பார்க்கிற, அவள் பேச்சைக் கேட்கிற ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

"நேத்து என்ன போட்ட?" என்றார்.

"கேரட் தழைதான் ஹாஜி. தினம் போடறதுதான்."

"வாட்டினியா?"

அந்த மலையில் முயல் செத்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி அதுதான். பனி ஈரத்தோடு தழையைப் போட்டால் வயிற்றில் காற்றுக் கட்டும். முயலுக்கு ஏப்பமும் வராது, வாந்தியும் வராது, உப்பிச் செத்துப்போகும். அதனால் மூங்கில் பரணில் தழையைப் பரப்பி, தண்டு துவளும்வரை வாட்டி, பிறகுதான் கூண்டுக்குள் போடுவார்கள். வாட்டிய தழை ஒன்றும் செய்யாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே உப்பிய வயிற்றுக்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். வாட்டவில்லை என்று சொன்னால் குற்றவாளி. வாட்டினேன் என்று சொன்னால் பொய்க்காரி.

"வாட்டினேன் ஹாஜி."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்தான்."

"அப்போ வயிறு எப்பிடி உப்புது? தானா உப்புமா?"

பரணில் பரப்பியது அவள். ஆனால் மாலையில் எடுத்துப் போட்டது ஓமானும்தான். மழை வருகிற மாதிரி இருந்த ஒரு நாள் அவன் அவசரமாக அள்ளிப் போட்டது ஞாபகம் வந்தது. திரும்பி அவனைப் பார்த்தாள். ஓமான் சாக்கின் வாயைக் கட்டுவதில் மும்முரமாக இருந்தான்.

கால்நடை மருத்துவர் லாரஸ் மோட்டார் சைக்கிளில் வந்தாள். மழைக்கோட்டைக் கழற்றாமலேயே மோச்சியை மடியில் வைத்து, விலா எலும்பு முடிகிற இடத்தில் விரல்களால் மெல்ல அழுத்தினாள். பிறகு காதைத் திருப்பி உள்பக்கத்தை வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இங்க தொட்டுப் பாருங்க," என்று நெங்ஸியின் விரலைப் பிடித்து வைத்தாள். "கெட்டியா ஒரு ஓரம் தட்டுப்படுதா? அது கல்லீரல். விலாவுக்குள்ள ஒளிஞ்சிருக்க வேண்டியது. வீங்கி வெளிய வந்திருக்கு. காதுல மஞ்ச பூத்திருக்கு பாத்தீங்களா? இது காத்து இல்ல."

"காத்து இல்லையா?" என்றார் ஹாஜி.

"செத்தது ஏதாவது இருக்கா?"

வாளியிலிருந்த குட்டியைக் குழாயடிக் கல்லின் மேல் கிடத்தி அறுத்தாள். வயிற்றை நிறைத்துக்கொண்டு கல்லீரல் பிதுங்கி வந்தது. அதன் மேலெல்லாம் ஜவ்வரிசி தெளித்ததுபோல வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். ஹாஜி ஒரு அடி பின்னால் போனார். ஓமான் இன்னும் கிட்டே வந்து குனிந்தான்.

லாரஸ் கத்தியின் நுனியால் ஒரு புள்ளியைக் காட்டினாள். "கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி. நோய்ப்பட்ட முயலோட புழுக்கையில முட்டை மாதிரி வெளிய வரும். வந்தவுடனே ஒண்ணும் பண்ணாது. ஈர மண்ணுல ரெண்டு மூணு நாள் கிடந்து பழுக்கணும். பழுத்தது தழையில ஒட்டி இன்னொரு முயல் வாய்க்குள்ள போச்சுன்னா, குடல்ல இறங்கி, நேரா கல்லீரலுக்கு ஏறிடும். பித்தம் ஓடற குழாய்ல குடும்பம் நடத்தும். அதுதான் இந்தப் புள்ளி."

"தழைய வாட்டித்தானே போடறோம்?" என்றாள் நெங்ஸி.

"வாட்டினா தழைக்குத்தான் வாட்டம், கிருமிக்கு இல்ல. அது ஓடு கெட்டி. சாதாரண மருந்துத் தண்ணிக்கே அசையாது. கொதிக்கிற தண்ணி, நல்ல வெயிலு, குப்பைக் குழியில எழும்புமே அந்தச் சூடு, இதுக்குத்தான் சாகும்." கையைக் கழுவிக்கொண்டே ஹாஜியிடம் திரும்பினாள். "தழை எங்கேருந்து வருது?"

"கீழ கோசிம் தோட்டத்துலேருந்து. சுத்தமான தோட்டம் டாக்டரம்மா. கடைக்குப் போற கேரட்டு."

"வேற முயல் பக்கத்துல எங்கயாவது இருக்கா? வெளி ஆளுங்க யாராவது முயல் வளக்கறவங்க உள்ள வர்றாங்களா?"

ஹாஜி யோசித்தார். ஓமான் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "நெங்ஸி வீட்டுலதான் கொஞ்சம் வளக்குது."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் வீட்டின் பின்னால் மூங்கில் கூண்டுகளில் முயல் வளர்ப்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. கணவன் ஜாஜாங் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்த பிறகு, பண்ணைச் சம்பளமும், கறியைக் குச்சியில் கோத்துச் சுட்டு விற்கும் சாத்தே கடைக்கு அவ்வப்போது கொடுக்கும் கறி முயலும்தான் அந்த வீட்டை நடத்தின. ஓமானே எத்தனையோ தடவை அவற்றின் எடையைக் கையில் தூக்கிப் பார்த்துச் சொல்லியிருக்கிறான். ஆனால் இப்போது அவன் சொன்ன விதம், ஏதோ திருட்டுச் சாமானைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

"என் முயலெல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டரம்மா. வந்து பாருங்க."

"பாத்தாத் தெரியாது. புழுக்கை கொண்டாங்க, பரிசோதனை பண்ணிடலாம். பண்ணையோடதும் எடுக்கணும்."

"எதுக்கு?" என்றார் ஹாஜி. "தெரிஞ்ச விஷயத்துக்குப் போயி பரிசோதனை எதுக்கு? நீங்க மோச்சியப் பாருங்க."

லாரஸ் மோச்சியைப் பார்த்தாள். கழுத்துக்குப் பின்னால் தோலைக் கூடாரம்போலத் தூக்கி, அதற்குள் ஊசியால் உப்புநீர் ஏற்றினாள். கிருமிக்கு வாயில் ஊற்றும் மருந்து கொடுத்தாள். பிறகு, காய்ந்த புல்லை அரைத்த மாவைக் கூழாகக் கரைத்து, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் எடுத்து நெங்ஸியிடம் நீட்டினாள்.

"இதுதான் முக்கியம். முயல் சாப்பிடறத நிறுத்தினா உடம்புக் கொழுப்பெல்லாம் கரைஞ்சு கல்லீரலுக்கு ஓடும். ஏற்கெனவே வீங்கின கல்லீரல் அதத் தாங்காது. இவரு பிஸ்கட் தின்னு வளந்தவரு, கொழுப்புக்குக் குறைச்சலில்ல. அதனால வயிறு சும்மா இருக்கவே கூடாது. மல்லாத்திப் பிடிக்காதீங்க, மூச்சுல போயிடும். உக்கார வெச்சு, முன்பல்லுக்கும் கடவாய்ப்பல்லுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு பாருங்க, அங்க பக்கவாட்டுல. கொஞ்சம் கொஞ்சமா."

நெங்ஸி கொடுத்தாள். முதல் வாய் தாடையில் வழிந்தது. இரண்டாவதை மோச்சி மென்றது.

மறுநாள் முதல் அவள் வாசலிலேயே நிறுத்தப்பட்டாள். வீட்டுச் செருப்பைக் கழற்றி வெளியே வைக்க வேண்டும். கல் திட்டில் நின்று சோப்பு போட்டுக் காலையும் கையையும் கழுவ வேண்டும். பையைத் திறந்து காட்ட வேண்டும். சோதிக்கிற வேலையை ஹாஜி ஓமானிடம் கொடுத்திருந்தார். அவன் பைக்குள் கையை விட்டு, மதிய உணவுக்குக் கொண்டுவந்த இலைப் பொட்டலத்தைக்கூட முகர்ந்து பார்த்தான்.

"அதுல உப்புக் கருவாடு இருக்கு. முயலு கருவாடு தின்னுமாண்ணே?"

"எனக்கென்ன தெரியும்? சொன்னதச் செய்யறேன்."

"நீதானே சொல்லிக் குடுத்த?"

"ஊருக்கே தெரிஞ்சதத்தான் சொன்னேன்." அவன் பொட்டலத்தைத் திரும்பக் கட்டினான். ஒழுங்காகத்தான் கட்டினான்.

அவனை யாரும் எதையும் கழற்றச் சொல்லவில்லை. சேறு அப்பிய அதே பூட்ஸோடு அவன் வண்டியிலிருந்து கொட்டகைக்கும் கொட்டகையிலிருந்து வண்டிக்கும் போய் வந்துகொண்டிருந்தான். நெங்ஸி அதைக் கவனித்தாள். கவனிக்கத் தொடங்கியதும் மற்றவையும் கண்ணில் பட்டன. காலையில் புழுக்கைச் சாக்குகளோடு கீழே இறங்கும் வண்டி, திரும்பும்போது கேரட் தழையோடு ஏறி வந்தது. தழை வந்த சாக்கில் ஒன்றை அவள் உதறினாள். அடித் தையலில் இரண்டு புழுக்கைகள் ஒட்டியிருந்தன.

"இந்தச் சாக்கு போறதுக்கும் வர்றதுக்கும் ஒண்ணா?"

ஓமான் வண்டியின் பின்கதவைச் சாத்தினான். "பின்ன? தனித்தனியா தைச்சுக் குடுப்பாங்களா?"

"புழுக்கைய கோசிம் தோட்டத்துல என்ன பண்றாங்க?"

"சோறு பொங்கறாங்க. என்ன கேள்வி இது? பாத்தியில போடறாங்க."

"அப்படியேவா? முன்னயெல்லாம் குழியில போட்டு மக்கவெச்சுத்தானே அனுப்புவோம். கிளறினா ஆவி பறக்குமே."

"குழி எங்க இருக்கு இப்போ?" என்று அவன் மோவாயால் காட்டினான்.

குப்பைக் குழி இருந்த இடத்தில் போன வருடம் ஹாஜி சிமெண்டு போட்டு, சுற்றுலா வருகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொள்ள ஆளுயரத்தில் இரண்டு முயல் காதுகளைக் கட்டியிருந்தார். பக்கத்தில் காப்பிக் கடை. "நாத்தம் வருதுன்னு மூடினாங்க. இப்ப பச்சையாவே போகுது. அதுக்குப் பதிலாத்தான் தழை சும்மா வருது. ஹாஜிக்கும் கோசிமுக்கும் உள்ள பேச்சு அது. நடுவுல நான் யாரு, நீ யாரு?" குரலைத் தாழ்த்தினான். "தங்கச்சி, நான் சொல்றதக் கேளு. நீ சிரிஞ்சப் பிடி. மோச்சி பொழச்சா எல்லாம் சரியாப் போயிடும்."

அவன் நல்லதற்குச் சொல்கிறானா, மிரட்டுகிறானா என்று அவளுக்குப் புரியவில்லை.

அவள் சிரிஞ்சைப் பிடித்தாள். மோச்சியைத் துணியில் சுற்றி மடியில் உட்கார வைத்து, கூழ் வழியாதபடி ஊட்டினாள். வெந்நீர்ப் புட்டியைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தாள். ஹாஜி நேரம் தவறாமல் வந்து ஃபோனில் படம் பிடித்துப் போனார். படத்தில் அவள் கைகள் மட்டும் இருந்தன. ஒரு காலையில் தகரத்தில் கறுப்பாக, மிளகளவில் நாலைந்து கிடந்தன. அவற்றை அவள் துடைப்பத்தால் தள்ளவில்லை. உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். அடுத்தடுத்த நாள்களில் அவை பெருத்தன, வெளுத்தன. பிறகு மோச்சி காய்ந்த புல்லில் ஒரு தண்டை இழுத்து, தானாக, வாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டது.

லாரஸ் மறுபடி வந்து விலாவுக்குக் கீழே தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். "கல்லீரல் உள்ள போயிடுச்சு. ஊட்டின கை யாரோடது? உங்களோடதா?"

நெங்ஸி தலையாட்டினாள். ஹாஜி, "எல்லாருமா சேந்து பாத்துக்கிட்டோம்," என்றார்.

"சரி. ஆனா கிருமி எங்கேருந்து வந்ததுன்னு கண்டுபிடிக்கலேன்னா திரும்ப வரும். இங்க புழுக்கைய என்ன பண்றீங்க?"

"மக்கவெச்சுத்தான் டாக்டரம்மா வெளிய அனுப்பறோம்."

ஓமான் பூட்ஸைப் பார்த்தான். லாரஸ் தலையசைத்துப் பையை மூடப் போனாள். நெங்ஸியின் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"குழிதான் மூடியாச்சே ஹாஜி."

லாரஸ் ஹாஜியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "கொஞ்ச நாளைக்குத் தழைய நிறுத்துங்க," என்றாள் நிதானமாக. "காஞ்ச புல்லு, தீவனம் மட்டும் போதும். பரிசோதனை நான் அன்னிக்கே சொன்னேன். என்னக் கூப்பிட்டது மோச்சிக்காக. அது ஆச்சு." மழைக்கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழாகப் போட்டுக்கொண்டு போனாள்.

ஹாஜி கோபப்படவில்லை. அதுதான் நெங்ஸிக்குப் பயமாக இருந்தது. காப்பிக் கடை மேசையில் உட்கார வைத்துப் பேசினார்.

"வேரா அம்மா கேக்கறாங்க, நோய் எங்கேருந்து வந்துச்சுன்னு. நான் என்ன சொல்லட்டும்? தங்க வர்ற முயல் நாலு பேர் வீட்டோடது. ஒருத்தர் வாயத் தொறந்தா நாலு பேரும் எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் உனக்கும் வேல இல்ல, ஓமானுக்கும் வேல இல்ல."

"என் முயலுக்கு நோய் இல்ல ஹாஜி."

"இருக்குன்னு நான் சொல்லல. இல்லேன்னும் யாருக்கும் தெரியாது, இல்லையா? கூண்டக் காலி பண்ணு. காலிக் கூண்ட ஓமான் படம் எடுத்துட்டு வரட்டும். சந்தேகத்துக்கு எடமே இல்லாமப் பண்ணிட்டோம்னு எல்லார்க்கும் அனுப்பிடறேன். அதுவரைக்கும் நீ வீட்டுல இரு. அப்புறமா வேலையப் பத்திப் பேசிக்கலாம்."

வீட்டில் ஜாஜாங் சுவரில் சாய்ந்தபடி கேட்டான். "அப்புறமா பேசிக்கலாம்னா? திரும்ப எடுத்துக்கறேன்னு சொன்னாரா?"

"பேசிக்கலாம்னாரு."

"அது பேச்சா?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? மூலையில கெடக்கற முயலுக்காகச் சம்பளத்த விடச் சொல்றியா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சாத்தே கடை எந்தாங் கத்தியும் பாத்திரமும் கொண்டுவந்தார். ஓமான் காலிக் கூண்டுகளைப் படம் பிடிக்கக் காத்துக்கொண்டு வேலியோரம் நின்றான். அவனுக்கு யாரும் தேநீர் கொடுக்கவில்லை. எந்தாங் ஒவ்வொன்றாகக் மேற்கே பார்க்கப் பிடித்து, இறைவன் பெயரைச் சொல்லி அறுத்தார். கடைசிக் கூண்டில் ஒரு தாய் முயல் வயிற்று மயிரைப் பிடுங்கி மூலையில் மெத்தைபோலச் சேர்த்து வைத்திருந்தது.

"குட்டி போடப் போகுதும்மா. இத நான் அறுக்க மாட்டேன். என் வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

"எங்கயாவது கொண்டுபோங்க. இங்க இருக்கக் கூடாது."

எந்தாங் வயிறுகளைத் திறந்து குடலை ஒதுக்கினார். ஒவ்வொரு கல்லீரலையும் வெளியே எடுத்து வாழையிலையில் வைத்தார். நெங்ஸி குனிந்து பார்த்தாள். விரலால் புரட்டிப் பார்த்தாள். கருஞ்சிவப்பாக, வழவழவென்று, ஈரக் கூழாங்கல்போல இருந்தன. ஒன்றில்கூட ஒரு வெள்ளைப் புள்ளி இல்லை.

"என்ன தீனி போட்ட?" என்றார் எந்தாங். "இவ்வளவு சுத்தமா நான் பாத்ததில்லையே."

"சக்கரவள்ளிக் கொடி. மூங்கில் தோப்புல வெட்டற புல்லு."

"கறிய எடுத்துக்கறேன். ஈரல நீ வெச்சுக்க. வயித்துப் புள்ளைக்காரிக்குக் குடுக்கறத விட்டுட்டு இத விக்கக் கூடாது."

ஓமானும் வேலியருகிலிருந்து வந்து இலையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு ஃபோனை எடுத்துக் காலிக் கூண்டுகளைப் படம் பிடித்தான்.

"இதையும் எடுண்ணே," என்றாள் அவள்.

"கூண்டுதான் எடுக்கச் சொன்னாரு."

அவள் வீட்டிலிருந்ததில் நல்ல தட்டாகப் பார்த்து எடுத்து, ஈரல்களை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே இலையை மூடிக்கொண்டு பண்ணைக்கு நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றி வைத்து, யாரும் சொல்லாமலே கல் திட்டில் நின்று காலைக் கழுவினாள். ஓமான் அதற்குள் வண்டியில் வந்து சேர்ந்திருந்தான். உள்ளே விடவில்லை; தட்டை மட்டும் வாங்கிக்கொண்டான்.

"ஹாஜிகிட்ட நேராக் காட்டு. புரட்டிப் பாக்கச் சொல்லு. டாக்டரம்மா அன்னிக்கு அறுத்துக் காட்டினது அவருக்கு ஞாபகம் இருக்கும்."

"சொல்றேன்."

"பாத்துட்டு என்ன சொல்றாருன்னு வந்து சொல்லு."

"சொல்றேன்னேனே."

அவள் வேலியோரம் நின்றாள். சிமெண்டுக் காதுகளுக்கு நடுவே ஒரு குடும்பம் மாறி மாறி நின்று படம் எடுத்துக்கொண்டது. காப்பிக் கடைக்குப் பின்னாலிருந்து வெங்காயமும் மிளகாயும் எண்ணெயில் பொரியும் வாசனை வந்தது. மதியத் தொழுகைக்கு அழைப்பு கேட்டு, முடிந்து, ஆட்கள் போய்த் திரும்பினார்கள். மேல்கொட்டகைப் பக்கம் புதிதாக ஒரு பெண் துடைப்பத்தோடு குனிந்து நிமிர்வது தெரிந்தது. நெங்ஸி கழுத்தை நீட்டிப் பார்த்தாள், முகம் தெரியவில்லை.

ஓமான் தட்டோடு வந்தான். தட்டைக் கழுவி, மேலே புது இலை போட்டு மூடியிருந்தார்கள்.

"பாத்தாரா?"

"நான் மேசையில வெச்சேன். சமையல்காரம்மா எடுத்துட்டுப் போயிட்டாங்க." அவன் அவள் கண்ணைப் பார்க்காமல் சொன்னான். "ருசியா இருந்துச்சாம். நீ எதுவும் மனசுல வெச்சுக்காம நடந்துக்கிட்டேன்னு ஹாஜிக்கு ரொம்ப சந்தோஷம்."

"வேலையப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லல. தட்ட வெறுமையா அனுப்பக் கூடாதுன்னு மட்டும் சொன்னாரு."

அவன் தட்டை வேலிக்கு மேலே நீட்டினான். இலைக்கடியில் கோசிம் தோட்டத்துக் கேரட்டுகள், இன்னும் ஈரமாக, நுனியில் மண்ணோடு இருந்தன. தழைகளை மட்டும் ஒட்ட நறுக்கிப் பண்ணை முயல்களுக்கென்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.